எத்தனை பேருக்கு வேலை, யார் பெயரில் வேலை?

2008 ஜனவரியில், ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த தன் கைப்பேசி ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. 2,300 பேரின் வேலை போகவிருந்தது. அடுத்த சில நாள்களில் அதே நிறுவனத்தின் முந்தைய ஆண்டு லாபக் கணக்கு வெளியானது: 720 கோடி யூரோ. நகரம் கொதித்துப்போனது. மத்திய அமைச்சர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபர், இனி நோக்கியா கைப்பேசியைத் தொடமாட்டேன் என்று பேட்டி கொடுத்தார். அமைச்சர்கள் எந்த நாட்டிலும் இதைச் செய்வார்கள். மாநில அரசுதான் காரியமாக ஒன்றைச் செய்தது. ஆலைக்குத் தான் கொடுத்த மானியத்தின் பழைய கோப்பைத் தேடி எடுத்தது. இத்தனை பேரை இத்தனை காலம் வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த பணம் அது. நிபந்தனையை மீறிவிட்டீர்கள், 4.1 கோடி யூரோவை வட்டியோடு திருப்பித் தாருங்கள் என்று நோக்கியாவுக்கு எழுதியது. பேச்சுவார்த்தை முடிந்தபோது தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுக்கு நோக்கியா 20 கோடி யூரோ ஒதுக்கியிருந்தது. நகரத்தில் புதிய தொழில்களை உருவாக்கும் திட்டத்துக்கும் தனியே 2 கோடி யூரோ கொடுத்தது.

போஹுமின் வேலை ருமேனியாவின் குளூஜ் நகருக்குப் போனது. மூன்றே ஆண்டில், 2011-இல், அந்த ஆலையையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு ஆலை அப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஓடிக்கொண்டிருந்தது. 2005-இல் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்த ஆலை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். சுற்றியிருந்த உதிரிபாக நிறுவனங்களில் இன்னும் பல ஆயிரம் பேர். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அதுவும் நின்றது.

அந்த முடிவுக்குக் காரணங்கள் பல. மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் நோக்கியாவின் சந்தையைத் தின்றுவிட்டிருந்தன. வியட்நாமில் புதிய ஆலை வந்துவிட்டது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் கொடுத்து வேலை வாங்கும் இடமாக அதைச் சில மாதம் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட், பிறகு ஆர்டரையும் நிறுத்தியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் சுமார் 5,000 பேர் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். இருபத்தைந்து வயதில் எடுக்கும் ஓய்வுக்கு விருப்பம் என்று பெயர் வைத்த அதிகாரியைப் பாராட்டத்தான் வேண்டும்.

மத்திய அரசு நோக்கியாவிடம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமான வரி கேட்டது. மாநில அரசு 2,400 கோடி ரூபாய் மதிப்புக் கூட்டு வரி கேட்டது. வேலைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. 2018-இல் மத்திய அரசுடனான வழக்கு சமரசத்தில் முடிந்தபோது நோக்கியா கட்டிய தொகை 20.2 கோடி யூரோ, அதாவது ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய். போஹுமில் தொழிலாளர்களுக்குப் போன தொகையும் கிட்டத்தட்ட அதுவேதான். இங்கே அது கருவூலத்துக்குப் போனது. வரி வசூலிப்பது அரசின் கடமை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்த சலுகைக்கு ஈடாக வேலையைக் கேட்டு வாங்கும் ஏற்பாட்டை ஒரு அரசு முன்கூட்டியே செய்திருந்தது, இன்னொரு அரசு செய்திருக்கவில்லை. அந்நிய நிறுவனங்களின் துணை நிறுவனங்களால் உள்ளூருக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்ற கேள்வி இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில், கிடைத்ததைக் கிடைத்தது என்று ஒப்புக்கொள்வது நியாயம். ஹூண்டாய் 1996-இல் இங்கே துணை நிறுவனம் தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவை வெளியே விட்டபோது, பெங்களூரு நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று நீளும் பகுதியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு இடையே மற்ற வண்டிகள் வழி தேடுகின்றன. கொரிய எழுத்தில் பெயர்ப் பலகை மாட்டிய உணவகங்கள் இருக்கின்றன. 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 2019-20-ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பனியன், நூற்பாலைகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்றாலும், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண் சொந்த வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்கும் நிலையைச் சென்னையைச் சுற்றிப் பரவலாக்கியதில் கைப்பேசி ஆலைகளுக்குத் தனி இடம் இருக்கிறது. சம்பளமும் பக்கத்துப் பட்டறையைவிட அதிகம்தான். தன் தொழிலாளர்கள் இந்தப் பகுதியில் இதே மாதிரி வேலை செய்வோரின் சராசரியைப்போல 1.8 மடங்கு வாங்குகிறார்கள் என்று 2024-இல் சாம்சங் சொன்னது.

எனவே 'அந்நியர் வந்து சுரண்டுகிறார்கள்' என்ற பழைய மேடைப் பேச்சு இங்கே எடுபடாது. கேட்க வேண்டியது வேறு.

ஆலைக்குள் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே திருகை முடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் பெர்மனென்ட், மற்றவர் கான்ட்ராக்ட். மூன்றாவதாக நிற்பவர் டிரெய்னி. வேலை ஒன்றுதான், அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் வேறு வேறு. இது அந்நிய ஆலைகளின் கண்டுபிடிப்பு அல்ல, உள்ளூர் முதலாளிகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. நாடு முழுவதும் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தக்காரர் வழியாக வருபவர்கள் 1990-களின் இறுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்தார்கள். 2022-23-இல் அது நூற்றுக்கு 40.7 ஆகிவிட்டது. பயிற்சியாளர்கள் கதை இன்னும் சுவாரசியமானது. வேலைவாய்ப்புத் திறனை வளர்க்கவென்று 2013-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் கொண்டுவந்த 'நீம்' திட்டத்தில் சேர்ந்தவரை மூன்று ஆண்டு வரை பயிற்சியிலேயே வைத்திருக்கலாம். வருங்கால வைப்பு நிதி கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, தொழிலாளி என்ற பெயரும் கிடையாது. ஒரு குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பொருத்தக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆகுமா என்று எந்த லைன் லீடரைக் கேட்டாலும் சிரிப்பார். அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பழக்கம் கைவிடப்படவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இலேயே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேறு மாநிலத் தொழிற்சங்கத்தார் பொறாமைப்பட்ட சட்டம். ஆனால் 480-ஆம் நாளுக்கு முன்பே ஆளை மாற்றினால், அல்லது ஆளை அப்படியே வைத்து ஒப்பந்தக்காரரின் பெயரை மாற்றினால் என்ன செய்வது? நீதிமன்றத்துக்குப் போகலாம். ஊரில் அம்மா அப்பாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்பும் பிள்ளை எத்தனை ஆண்டு வழக்கு நடத்துவார்?

ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வருவதன் விலையை 2021 டிசம்பரில் நாடே பார்த்தது. ஃபாக்ஸ்கானின் ஐஃபோன் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் இல்லை. சாலை மட்டும் இருந்தது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. இடையில் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக அறிவித்தது. விடுதியை நடத்தியவர் ஒருவர், ஆளை அனுப்பியவர் இன்னொருவர், ஆலையின் சொந்தக்காரர் தைவானில், பொருளின் சொந்தக்காரர் கலிஃபோர்னியாவில். பாத்திரத்தில் பூச்சி கிடந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாத ஏற்பாடு இது.

அதன் பிறகு நல்லதும் நடந்தது. 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியு வந்திருந்தார். தேவையான கட்டடம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஐஃபோன் பொருத்தும் வேலையில் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்ற ராய்ட்டர்ஸ் செய்தி வந்து, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டிருந்தது. பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசித்தால் ஒரு ஐயம் எழாமல் இருக்காது. பொதுத்துறை நிறுவனம் கட்டிய விடுதி திருமணமாகாத வயதின் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மட்டும் உழைப்பாளிகளைத் தங்கவைத்து அனுப்பும் இடமாகிவிட்டால், அது உருவாக்குவது வேலைதானா, வேலை அனுபவமா? பதினெட்டாயிரம் கட்டில் போட்ட அரசு, ஆலை வாசலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தையும் நிபந்தனையாக வைத்து, முப்பது வயதுப் பெண் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டிருக்கலாம்.

அடுத்து, அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற விஷயம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி செய்யும் ஆலை. சுமார் 1,800 பேர் வேலை பார்க்கும் இடத்தில் பெரும்பான்மையோர் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள்தான். ஆனால் முட்டிக்கொண்டது சங்கத்தைப் பதிவுசெய்வதில். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்று நிறுவனம் ஆட்சேபித்தது. குறைந்த உறுப்பினர்களோடு ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய அப்போதிருந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தந்தது. இங்கே மூன்று அமைச்சர்கள் பேசியும் முடியாமல், உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரி 27-இல்தான் பதிவு கிடைத்தது. சங்கமே கூடாது என்பதைப் பல பத்தாண்டுகள் கொள்கையாக வைத்திருந்த குழுமம் அது. 2020-இல் அதன் வாரிசுத் தலைவர் லீ ஜே யோங் தென் கொரியாவில் மக்கள் முன் தலை வணங்கி, இனி அப்படி இருக்காது என்று வருத்தம் தெரிவித்தார். அந்த வணக்கம் சுங்குவார்சத்திரம் வந்து சேர நான்கரை ஆண்டு ஆயிற்று. வந்து சேர்ந்த பின் வானம் இடிந்து விழவில்லை. 2025 மே மாதம், மூன்று ஆண்டில் 9,000 ரூபாய் உயர்வு என்று சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை ஓடுகிறது.

துணை நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். நிர்வாகத்தின் கண்ணில் அப்படி இல்லை. இங்கே மேசைக்கு எதிரே உட்காரும் மேலாளர், பெரிய கேள்வி எதுவானாலும் 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்பார். அந்த மேலிடம் ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர் அலுவலரின் சம்மனுக்கு வராது. லாபம் மட்டும் தடையில்லாமல் போய்ச் சேரும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியிட்டுத் திரட்டிய 27,870 கோடி ரூபாய் அந்நாள்வரை இந்தியாவின் மிகப் பெரிய பங்கு வெளியீடு. அதில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கென்று திரட்டப்பட்டதல்ல. முழுவதும் கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கில் 17.5 சதவீதத்தை விற்று எடுத்துக்கொண்டது. சட்டப்படி சரியே. முதல் போட்டவர் எடுக்கிறார். ஆனால் கணக்கின் இந்தப் பக்கத்தையும் 'அந்நிய முதலீடு வந்தது' என்ற தலைப்புச் செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடும்போது இந்த இடைவெளி இன்னும் கண்ணுக்குத் தெரியும். பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. குஜராத்தின் சனந்த் ஆலையை டாட்டா வாங்கிக்கொண்டதால் அங்கே பலருக்கு வேலை தப்பியது. மறைமலை நகர் ஆலையை வாங்க ஆள் கிடைக்கவில்லை. சுமார் 2,600 பேர், பிரிவுத் தொகையை உயர்த்தக் கேட்டு 2022-இல் ஆலைக்குள் போராடிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். பெரிய ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் சொன்னது. எல்லோரும் 'விருப்பப்பட்டு' விலகிய பின் மூட என்ன இருக்கிறது? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த அனுமதிக்கான வரம்பையும் 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டன.

ஆலைக்கு வெளியே உருவாகும் வேலை பற்றிச் சுருக்கமாக. பெயேட்டா யாவோர்சிக் என்ற பொருளாதார அறிஞர் லிதுவேனிய நிறுவனங்களை வைத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அந்நிய முதலீட்டால் திறன் உயர்வது, அந்நிய ஆலைகளுக்குப் பொருள் சப்ளை செய்யும் உள்ளூர் நிறுவனங்களில்தான் என்று அவர் கண்டார். அதுவும் உள்ளூர்க்காரரோடு கூட்டுச் சேர்ந்த முதலீட்டில்தான். முழுக்க அந்நிய உடைமையான ஆலைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. மாருதியில் அரசு பங்குதாரராக இருந்த காலத்தில் உதிரிபாகங்களை இந்தியாவிலேயே செய்யும்படி நிர்ப்பந்தம் இருந்தது. மாருதியே பங்கு போட்டு உள்ளூர் முதலாளிகளோடு கூட்டு நிறுவனங்களை உருவாக்கியது. ஹூண்டாய் வந்தபோது தன் கொரிய சப்ளையர்களையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தது. அவர்களும் இங்கே ஆள் எடுக்கிறார்கள், ஆனால் வரைபடமும் வடிவமைப்பும் முடிவும் கொரியாவிலேயே இருக்கின்றன. அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுக்கின் மூன்றாம் நான்காம் படி.

இதற்கெல்லாம் அரசியல்வாதிகள் கையில் ஒரு ஆயத்த மருந்து உண்டு: உள்ளூர்க்காரருக்கு 75 சதவீத வேலை. 2021 தேர்தலில் திமுகவும் அதை வாக்குறுதியாகச் சொன்னது. ஹரியானா சட்டமே இயற்றியது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிமன்றத்தை விடுங்கள். பதினோராம் மாதம் வெளியே அனுப்பப்படும் ஒப்பந்த வேலையில் 75 சதவீதம் கிடைத்து யாருக்கு என்ன லாபம்? ஒடிசா இளைஞரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் திருவண்ணாமலை இளைஞரை நிறுத்தினால் அவருக்கும் 480 நாள் ஆகாது.

மருந்து சலுகையில் இருக்கிறது. நிலம், மின்சாரம், முத்திரைத் தீர்வை, வரித் திரும்பளிப்பு என்று அரசு கொடுப்பது கொஞ்சம் அல்ல. கைப்பேசி ஆலைகளுக்கு 2020-இல் மத்திய அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகை, கூடுதல் முதலீட்டையும் கூடுதல் விற்பனையையும் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது, வேலையைப் பார்த்து அல்ல. 2025-இல் மின்னணு உதிரிபாகங்களுக்கென வந்த 22,919 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஊக்கத்தொகையின் ஒரு பகுதியை வேலைவாய்ப்பு இலக்கோடு கட்டியிருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் அல்ல. தமிழக அரசு இன்னும் ஒரு படி போகலாம். புரிந்துணர்வு ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும். 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்று மேடையில் அறிவிக்கும் எண்ணை, நிறுவனத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் வைப்பு நிதிக் கணக்கோடு இருப்பவர்களின் எண்ணாக எழுத வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தனிப் பத்தி வேண்டும். எண் குறைந்தால் சலுகை குறையும், மூடிவிட்டுப் போனால் இத்தனை ஆண்டுக்கான சலுகை வட்டியோடு திரும்ப வரும் என்ற விதியும் வேண்டும்.

அறிவிப்பு எண்கள் எவ்வளவு தளர்வானவை என்பதற்கு 2025 அக்டோபரே சாட்சி. ஃபாக்ஸ்கான் 15,000 கோடி ரூபாய் முதலீட்டில் 14,000 வேலை தரும் என்று மாநில அரசு அறிவித்தது. அந்தச் சந்திப்பில் புதிய முதலீடு எதுவும் பேசப்படவில்லை என்று நிறுவனம் உடனே சொன்னது. எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன, அமைச்சர் விளக்கம் கொடுத்தார். கையெழுத்தான ஒப்பந்தம் இணையதளத்தில் இருந்திருந்தால் யாரும் யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்காது.

இப்படிக் கெடுபிடி செய்தால் ஆந்திரம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று தொழில்துறை அதிகாரிகள் சொல்வார்கள். இந்தப் பயம் முழுப் பொய் அல்ல. மாநிலங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சலுகை கொடுக்கின்றன. ஆனால் நெடுஞ்சாலை மறியலுக்குப் பிறகு ஃபாக்ஸ்கான் போய்விடவில்லை, பெருகியிருக்கிறது. 37 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சாம்சங் போய்விடவில்லை. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார். அதன் பிறகும் ஏற்றுமதி ஏறிக்கொண்டுதான் போகிறது. துறைமுகம், பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள், கூப்பிடு தூரத்தில் சப்ளையர்கள், இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் பஸ் ஏறக்கூடிய சாலை என்று இங்கே இருப்பதை நாளைக்கே வேறு இடத்தில் எழுப்பிவிட முடியாது. அந்த பலத்தைக் கையெழுத்துக்கு முன்னால் பயன்படுத்த வேண்டும். தாலி கட்டிய பிறகு பேரம் பேசி என்ன பயன்?

ஃபோர்டு திரும்பி வருகிறது. மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள் செய்யும் திட்டம், 600-க்கும் மேற்பட்டோருக்கு வேலை, 2029-இல் உற்பத்தி என்று 2025 அக்டோபர் இறுதியில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2022-இல் வெளியேறியவர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட இது போதாது. வேலையிழந்தவருக்கு மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை என்ற பழைய சட்டப் பிரிவைக் காட்டி, தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் உரிமையோடு கேட்பது கடினம். ஆனால் எஞ்சின் ஆலைக்கான சலுகை ஆணையில் அந்த முன்னுரிமையை அரசே ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். அறுநூறு பேரும் ஃபோர்டின் சம்பளப் பட்டியலிலேயே இருக்க வேண்டும் என்பதை அடுத்த வரியில் சேர்க்கலாம். 2029-க்கு இன்னும் நேரம் இருக்கிறது.